தூக்குப் பாலத்தைத் தூக்கிப் போட்ட பிறகு வந்த தளம்

வாடைக் காலத்தில் தொடங்கிய என் போர்ட்ஃபோலியோ தளம், அதாவது செய்த வேலைகளைக் காட்டும் இணையதளம், ஒருவழியாக நிலைக்கு வந்துவிட்டது. முதல் பக்கம் மொத்தம் 126 கிலோபைட். பாம்பன் பாலத்தருகே உள்ள மண்டபம் ஊரின் கடைத்தெருவில் சிக்னல் இரண்டு கோடு மட்டும் காட்டும் இடத்திலும் இரண்டு விநாடிக்குள் திறக்கிறது. இதற்கு முன்பு கட்டிய வடிவம் 6.4 மெகாபைட். அதிலிருந்து இதற்கு எப்படி வந்தேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். தமிழில் தளம் செய்ய நினைப்பவர்களுக்கு நடுப்பகுதியாவது உதவும்.

வீட்டிலிருந்தே நிரல் எழுதும் வேலை செய்கிறேன். புதிய ஒப்பந்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போதெல்லாம் செய்த வேலைகளைப் பார்க்க இணைப்பு கேட்பார்கள். நிரல் களஞ்சியத்தின் முகவரியை அனுப்பி வைப்பேன். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பது நேர்காணலின் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும். பார்த்தவுடன் நினைவில் நிற்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று அப்போதுதான் ஆசை வந்தது. ஆசை வந்ததும் நேராகப் பாம்பனுக்குப் போய் நின்றது புத்தி.

பாலம்

2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி செங்குத்தாக 17 மீட்டர் மேலே ஏறும். 1914-இல் வந்த பழைய பாலத்தில் இரண்டு பக்கமும் மடல் திறந்து கப்பலுக்கு வழி விடும். இந்தக் கரையில் பிறந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? பார்ப்பவர் பக்கத்தை உருட்ட உருட்டப் பாலம் ஏற வேண்டும். அடியில் ஒரு கப்பல் போக வேண்டும். கப்பலின் தளத்தில் பெட்டி பெட்டியாக என் வேலைகள் இருக்க வேண்டும்.

பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் பாலத்தை வரைந்தேன். கோபுரத்தின் இரும்புச் சட்டங்களைக்கூட ஒவ்வொன்றாக வைத்தேன். த்ரீ.ஜேஎஸ் என்ற நிரல் லைப்ரரி கொண்டு உலாவிக்குள் (பிரௌசர்) கொண்டுவந்தேன். தண்ணீருக்கு அலை, அலைக்கு ஒளி, ஒளிக்குப் பிரதிபலிப்பு என்று போய்க்கொண்டே இருந்தது. என் மடிக்கணினியில் விநாடிக்கு 60 படச் சட்டகம் (ஃபிரேம்) ஓடியது. அண்ணியின் ஒன்பதாயிரம் ரூபாய் கைப்பேசியில் 12-ஐத் தாண்டவில்லை. "தம்பி, இதைத் திறந்தால் போன் இட்லித் தட்டு மாதிரி சுடுகிறது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சூட்டைக் குறைக்க வழி உண்டு. வடிவத்தை எளிமையாக்கலாம், பிரதிபலிப்பை எடுக்கலாம். அந்த வேலையில் இறங்கியிருந்தபோது, சென்னையில் ஆள் தேர்வு செய்யும் நண்பனுக்கு இணைப்பை அனுப்பினேன். "பாலம் அருமை. நீ என்ன வேலை செய்தாய் என்பது எந்தப் பெட்டியில் இருக்கிறது?" என்று கேட்டான். அவன் மூன்றாவது பெட்டி வரைகூட வரவில்லை. உருட்டும் வேகத்தைப் பாலத்தின் வேகத்தோடு கட்டியிருந்ததால், அவசரமாகக் கீழே போக நினைப்பவரும் பாலம் ஏறி முடியும்வரை நின்றாக வேண்டியிருந்தது. ரயில் பயணிக்கு அது பழக்கம். விண்ணப்பம் பார்ப்பவருக்கு அந்தப் பொறுமை எதற்கு?

அதோடு பாலத்தை இறக்கி வைத்தேன். முழுவதும் வீணாகவில்லை. அதன் பக்கவாட்டுத் தோற்றத்தை மட்டும் எஸ்விஜி கோட்டோவியமாக எடுத்தேன், 4 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இல்லாத முகவரியைத் தட்டினால் வரும் 404 பக்கத்தில் நடுப்பகுதி மேலே ஏறி நிற்க, "பாலம் தூக்கியிருக்கிறது, இந்த வழி இப்போது இல்லை" என்று ஒரு வரி. அந்தப் பக்கத்துக்கு அது சரியாகப் பொருந்துகிறது.

காகிதம்

அடுத்த வடிவத்தைக் கணினியில் தொடங்கவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, தளத்தில் என்னென்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் எழுதினேன். பழைய வடிவத்தில் "ஜாவாஸ்கிரிப்ட் 90 சதவீதம், பைத்தான் 75 சதவீதம்" என்று நிரல்மொழித் திறமைக்குப் பட்டை போட்டிருந்தேன். எதில் 90? யார் அளந்தது? நோட்டில் அதை எழுதும்போது கை கூசியது. பட்டைகள் போயின.

வேலைகளில் மூன்றை மட்டும் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் என்ன சிக்கல், நான் செய்தது என்ன, இன்னும் தீராதது என்ன என்று முந்நூறு சொல்லுக்குள் எழுதினேன். இதில் நன்றாக வந்தது, நண்டு வாங்கும் ஏஜென்ட் ஒருவருக்காகச் செய்த கணக்குச் செயலி. கரையில் சிக்னல் வந்து வந்து போகும் என்பதால் எடை, விலை எல்லாம் முதலில் கைப்பேசியிலேயே பதிவாகி, இணைப்பு கிடைத்ததும் சர்வருக்குப் போகும். அதில் தமிழ்ப் பெயர்களை வரிசைப்படுத்துவதில் ஒரு சிக்கல் இருந்தது. கணினியில் எழுத்துகளுக்குத் தரப்பட்டிருக்கும் யூனிகோட் எண் வரிசையில் ன என்பது ந-வுக்கு அடுத்தே வந்துவிடுகிறது. அதனால் அமுதாவுக்கு முன்னால் அனிதா வந்து உட்காருவார். அகராதி வரிசையில் ன கடைசி எழுத்து, அமுதாதான் முதலில் வர வேண்டும். உலாவியிலேயே உள்ள மொழிவாரி ஒப்பீட்டைத் தமிழ் என்று குறித்து அழைத்தால் சரியாகிவிடும். ஒரே வரி மாற்றம். ஆனால் அந்த ஒரு வரிக்கான காரணத்தை எழுதிய பத்திதான் பிறகு எல்லோராலும் படிக்கப்பட்டது.

செயலியின் திரைப்பிடிப்புகளை (ஸ்கிரீன்ஷாட்) எடுக்கும்போது, ஏஜென்டின் உண்மைக் கணக்கில் பெயர்களை மங்கலாக்கிப் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மங்கலாக்கினாலும் எண்கள் தெரியும், இந்தக் கரையில் எண்ணைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். கற்பனைப் பெயர்கள், கற்பனை எடைகள் போட்டுப் புதிதாக எடுத்தேன். அலுவலக வேலைகளுக்கு அனுமதி கேட்டபோது பொதுவான வரைபடத்துக்கு மட்டும் சம்மதித்தார்கள். அதுவே போதும்.

மெனுவுக்கு ஒரு விசித்திரம் செய்து பார்த்தேன். மண்டபம் முனையில் நின்றால் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடகாற்றான வாடையில் வடகடல் கொந்தளிக்கும், மேற்குக் காற்றான கச்சானில் தென்கடல். அதனால் சொந்த வேலைகளுக்கு "வடகடல்", அலுவலக வேலைகளுக்கு "தென்கடல்" என்று பெயர் வைத்தேன். பார்த்தவர்கள் இரண்டையும் தொடவில்லை. "வேலைகள்", "என்னைப் பற்றி", "தொடர்பு" என்று மாற்றியதும் தொட்டார்கள். மெனுவில் கவிதை வேண்டாம்.

காற்று

விசித்திரம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. முகப்பின் பின்னணியில் மெல்லிய கோடுகள், இந்த நேரத்தில் மண்டபத்தில் வீசும் காற்றின் திசையில், அதன் வேகத்துக்கு ஏற்ப ஓடும். ஓரத்தில் அந்தக் காற்றின் பெயர். அவ்வளவுதான்.

தரவுக்கு ஓப்பன்-மீட்டியோ என்ற வானிலைச் சேவை. வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இலவசம், அணுகல் சாவியோ பதிவோ கேட்பதில்லை. அட்சரேகை 9.28, தீர்க்கரேகை 79.12 என்று கொடுத்தால் காற்றின் வேகமும் திசையும் எண்ணாக வரும். நன்றி குறிப்பிட வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை, பக்க அடியில் போட்டிருக்கிறேன்.

வடக்கைச் சுற்றி இருபுறமும் 45 பாகை வரை வாடை, கிழக்கு கொண்டல், தெற்கு சோழகம், மேற்கு கச்சான் என்று வட்டத்தை நான்காக வெட்டினேன். கோடுகளை ஓடவிட்டு, நாட்டுப்படகில் தொழில் செய்யும் மாமாவிடம் பெருமையாகக் காட்டினேன். கைப்பேசியைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "மாப்பிள்ளை, வாடை என்று எழுதியிருக்கிறாய். கோடு தெற்கிலிருந்தல்லவா ஓடிவருகிறது?"

வானிலைத் தரவில் திசை என்றால் காற்று எங்கிருந்து வருகிறதோ அது. 0 என்றால் வடக்கிலிருந்து வருவது. நான் அதைப் போகும் திசையாக எடுத்துக்கொண்டேன். அதன் மேல் இன்னொரு குழப்பமும் சேர்ந்தது. திசைமானியில் 0 வடக்கு, உலாவியின் கேன்வாஸ் என்ற வரைபரப்பில் 0 வலப்பக்கம், அதாவது கிழக்கு. எதிர்த்திசைக்காக 180 கூட்டி, வடக்கைக் கிழக்காக்க 90 கழித்தால், மொத்தத்தில் வருகிற பாகையோடு 90 கூட்டினால் போதும். வடகாற்று 90 ஆகும், கேன்வாஸில் 90 என்பது கீழ்நோக்கி. இப்போது வாடை திரையின் உச்சியிலிருந்து இறங்குகிறது. இதைச் சோதிக்கச் சிறிய பக்கம் ஒன்றில் 0, 90, 180, 270 நான்கையும் அருகருகே ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனை.

வெட்டிய எல்லைகளை மாமா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. சோழகம் எங்கே முடிந்து கச்சான் எங்கே தொடங்குகிறது என்பதைப் பாகை வைத்துச் சொல்ல முடியாது, மாதமும் கடலின் நிறமும் பார்க்க வேண்டும் என்கிறார். 225 என்று வைத்திருக்கிறேன். நிரலுக்கு ஓர் எண் தேவை.

கோடுகள் முதலில் இருநூறு. அண்ணியின் போனில் பார்த்து எழுபதாகக் குறைத்தேன், கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. விநாடிக்கு 30 சட்டகம் போதும். முகப்பு திரையை விட்டு நகர்ந்ததும் ஓட்டம் நிற்கும். கைப்பேசி அமைப்பில் அசைவைக் குறைக்கச் சொன்னவர்களுக்குக் கோடுகள் அசையாமல் திசையை மட்டும் காட்டும். இந்தப் பகுதியின் நிரல் 3 கிலோபைட், வெளி லைப்ரரி எதுவும் இல்லை.

தரவை ஒவ்வொரு பார்வையாளரின் உலாவியும் நேரடியாகக் கேட்பது முதல் ஏற்பாடு. சிக்னல் மோசமான இடத்தில் கோடுகள் வருவதற்குள் ஆள் போய்விடுவார். எனவே கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்ற இலவசச் சேவையில் நேர அட்டவணை வைத்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தரவை எடுத்து, தளத்தோடு ஒரு குட்டிக் கோப்பாக வைத்துவிட்டேன். இதில்தான் பெரிய அடி விழுந்தது. அந்தச் சேவை, நிரல் களஞ்சியத்தில் 60 நாள் எந்த மாற்றமும் இல்லையென்றால் அட்டவணை வேலைகளைத் தானாக நிறுத்திவிடும். விதிமுறையில் எழுதித்தான் இருக்கிறது. தளம் முடிந்தது என்று நான் கையை எடுத்துவிட்டதால் அதுவும் நின்றது. கரையில் கச்சான் மணலை வாரி அடித்துக்கொண்டிருக்க, என் பக்கம் கொண்டல் என்று சாதித்தது.

இப்போது கோப்புக்குள் எடுத்த நேரமும் சேர்ந்திருக்கிறது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பழையதென்றால் கோடுகள் நின்றுவிடும், காற்றின் பெயரும் மறையும். பொய் காட்டுவதைவிட ஒன்றும் காட்டாமல் இருக்கலாம்.

தமிழ் எழுத்து

தளம் இரண்டு மொழியில் இருக்கிறது. ஆங்கிலப் பக்கம் சிரமம் தரவில்லை. தமிழ்ப் பக்கம் தந்த சிரமத்துக்குத் தனிக் கணக்கு உண்டு.

தலைப்பின் எழுத்துகள் அலைபோல் ஒவ்வொன்றாக எழும்ப வேண்டும் என்று நினைத்தேன். வழக்கமான முறையில் தலைப்பை எழுத்தெழுத்தாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனி உறைக்குள் போட்டால் "மண்டபம்" என்பதில் புள்ளிகள் தனியே கழன்று, புள்ளிகளால் ஆன வெற்று வட்டங்களின் தலையில் ஏறி நின்றன. யூனிகோடில் ண் என்பது ண-வும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறியீடு. உலாவிக்குள்ளேயே இருக்கும் செக்மென்டர் என்ற கருவி கண்ணுக்குத் தெரியும் எழுத்தாகப் பிரித்துத் தரும். ஃபயர்ஃபாக்ஸுக்கு அது 2024-இல்தான் வந்தது என்பதால் பழைய உலாவிகளையும் யோசிக்க வேண்டும். அதை வைத்ததும் மண்டபம் சரியானது. பிறகு நண்டுக் கணக்குப் பக்கத்தில் "லக்ஷ்மி" என்ற படகின் பெயர் வந்தது. க்ஷ் இரண்டாகப் பிளந்து க் தனி, ஷ் தனி. பார்வையற்றோருக்குப் பக்கத்தைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் போட்டுக் கேட்டால் தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்தது. கடைசியில் சொல் சொல்லாக எழும்ப விட்டேன். அழகில் குறைவில்லை, தமிழுக்கு அதுதான் இயல்பு என்றே படுகிறது.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், மீரா இனிமை, கேட்டமரன் நான்கையும் ஒரே பத்தியில் வைத்துப் பார்த்தேன். தலைப்புக்குக் கேட்டமரனின் தடித்த எழுத்து, உடலுக்கு நோட்டோ. அளவைக் குறைக்க, வேண்டாத எழுத்துகளை நீக்கித் தரும் இணையக் கருவி ஒன்றில் கொடுத்தேன். திரும்பி வந்த கோப்பு சிறிதாக இருந்தது, ஆனால் "குழு" என்ற சொல்லில் உகரங்கள் மெய்யோடு ஒட்டாமல் தொங்கின. கு, மு, ழு போன்றவை எழுத்துருவுக்குள் தனி உருவங்கள். எந்த உருவத்தை எப்போது போட வேண்டும் என்ற அட்டவணையையே அந்தக் கருவி வெட்டி எறிந்திருந்தது. பைத்தானின் ஃபான்ட்டூல்ஸ் என்ற எழுத்துருக் கருவி கொண்டு தமிழ்ப் பகுதி முழுவதையும் அட்டவணையோடு எடுத்தேன். இரண்டு எழுத்துருவும் சேர்ந்து 58 கிலோபைட். முதல் பக்கத்தின் கிட்டத்தட்ட பாதி எடை இதுதான். இதில் எனக்கு வருத்தமில்லை.

வரி உயரம் ஆங்கிலத்துக்கு 1.5, தமிழுக்கு 1.75. மேலும் கீழும் நீளும் எழுத்துக்கு மூச்சு விட இடம் வேண்டும். 360 பிக்சல் அகலத் திரையில் நீண்ட வினைமுற்றுகள் ஓரத்தைத் தாண்டி ஓடின. தலைப்பின் அளவைக் குறைத்ததைவிட, சொற்றொடரையே மாற்றி எழுதியது நல்ல பலன் தந்தது.

பக்க முகவரிகளையும் தமிழில் வைத்தேன். உலாவியில் பார்க்க அழகு. வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டாகி, ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாகிறது. "நண்டு" என்ற ஐந்து குறியீட்டுச் சொல் 45 எழுத்து நீண்டது. அதைப் பார்த்து வைரஸ் இணைப்பு என்று ஒருவர் அழித்துவிட்டார். முகவரிகள் இப்போது ரோமன் எழுத்தில்.

நிறம் தேர்ந்தெடுத்தது வீட்டுக்குள், மின்விசிறிக்கு அடியில். கடலின் வெளிர் பச்சை எழுத்து, வெள்ளைப் பின்னணி. நண்பகலில் கடற்கரை வெயிலில் நின்று திறந்தால் வெறும் வெள்ளைத் தாள். உலாவியின் கருவியில் அளந்தால் மாறுபாட்டு விகிதம் 2.3. சாதாரண அளவு எழுத்துக்கு 4.5 வேண்டும் என்பது அணுகல் வழிகாட்டுதல். பச்சையைக் கருக்கி 7-க்கு மேல் கொண்டுவந்தேன். வெளிர் பச்சை காற்றுக் கோடுகளுக்கு மட்டும் மிஞ்சியது.

செலவு

டொமைன் பெயருக்கு முதல் ஆண்டு 649 ரூபாய். புதுப்பிக்கும்போது 999 என்று கீழே சிறு எழுத்தில் இருந்ததை வாங்கிய பிறகுதான் படித்தேன். நிலையான கோப்புகளுக்கு இலவசமாக இடம் தரும் சேவைகள் பல உண்டு. கிட்ஹப் பேஜஸ், நெட்லிஃபை, கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் எதிலும் இந்த அளவுத் தளத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழும் இலவசம். எழுத்துருக்கள் திறந்த உரிமம். நோட்டு 20 ரூபாய். உண்மையான செலவு பாலத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகள்.

தொடர்புப் படிவம் ஒன்று வைத்திருந்தேன். கடன் தருவதாகவும் தளத்தைக் கூகுளில் முதலிடத்துக்குக் கொண்டுவருவதாகவும் மட்டுமே கடிதம் வந்தது. எடுத்துவிட்டு மின்னஞ்சல் முகவரியை வெறும் எழுத்தாக வைத்தேன்.

தளத்தைப் பார்த்து வந்த விசாரணைகளில் பெரும்பாலானவை நண்டுக் கணக்கைப் பற்றியவை. இணைப்பு அறுந்த நேரத்தில் இரண்டு கைப்பேசியில் ஒரே பதிவைத் திருத்தினால் எது நிற்கும் என்று கேட்டார்கள். அதைத்தான் தீராதது என்று எழுதியிருந்தேன், பேச்சு அங்கிருந்தே தொடங்கியது. காற்றைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. ஆனால் அவர்கள் இரண்டாம் முறையும் திறந்து பார்த்தவர்கள்.

மறுபடி செய்வதானால் தமிழ்ப் பக்கத்தை முதலில் கட்டி, ஆங்கிலத்தை அதன் பிறகு பொருத்துவேன். ஆங்கிலத்துக்கு அளந்து வெட்டிய பெட்டிக்குள் தமிழை அமுக்கியதால்தான் பாதி வேலை இரட்டிப்பானது. முதல் நாளிலிருந்தே விலை மலிந்த கைப்பேசியில் சோதிப்பேன். வேலைகளுக்கான எழுத்து முடியாமல் நிறத்தைத் தொட மாட்டேன்.

மீதி இருப்பது அச்சு. சில அலுவலகங்களில் பக்கத்தை அப்படியே பிடிஎஃப் ஆக்கிச் சுற்றுக்கு விடுகிறார்கள். அதில் காற்றுக் கோடுகள் கறுப்புக் கீறல்களாக விழுந்து, என் பெயரின் மேலேயே ஓடியிருக்கின்றன. அச்சுக்குத் தனி ஸ்டைல் எழுதி, கோடுகளை மறைத்து, இணைப்புகளின் முகவரியை அடைப்பில் காட்ட வேண்டும். இந்த வாரம் மின்வெட்டு இல்லாத மாலையாகப் பார்த்து உட்கார வேண்டும்.